பாட்டின் விலை

விருத்தாசலம் என இன்று வழங்கும் ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த இவ்வூருக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வந்து பாடினார் என்றும், பாடியவருக்கு இறைவன் 12,000 பொன் அளித்தான் என்றும் புராணம் கூறும். அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்க என்பது இறைவன் கட்டளை. ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்று நாம் பேச்சு வழக்கில் கூறுவது இவ்வரலாற்றை ஒட்டியதே ஆகும். குளத்தில் எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருக்கக் கண்ட சுந்தரர், இறைவன் கொடுத்தது போதும் என்று வாளா இருந்துவிடவில்லை. மீண்டும் பாடினார், முழு மாற்றுப் பொன்னாகவே பெற்றுக்கொண்டார். இதற்காக அவரைப் பேராசைக்காரர் என்று எவரும் இதுகாறும் பழித்ததில்லை.

பாட்டுக்குப் பொன் கேட்டவர் ஒரு பெண்ணாக இருந்தால் உலகம் இவ்வாறே பேசுமோ? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டின் இசையரசிகளுள் ஒருவரது வாழ்வை ஆராய்வோம்.

இன்றைய விருத்தாசலம் பீங்கான் ஊர். மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் குமிழ்கள், கிண்ணங்கள், கொலுப் பொம்மைகள் முதலியன இங்கே உருவாகின்றன. மண்ணைக் குழைப்பதும், அச்சில் வார்ப்பதும், காய்ந்த பொருளின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்துச் சீர்ப்படுத்துவதும், வண்ணம் தீட்டுவதும் பொறுமை வேண்டும் வேலைகள். அவற்றுள் பல பெண்களின் கையால் நடைபெறுவன. சூளையிலிருந்து இறக்கிய கிண்ணத்தை விரலால் தட்டிப் பார்ப்பது பீங்கான் தொழிலில் பழைய வழக்கம். நன்கு வெந்த கிண்ணம் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த கிண்ணம் மழுங்கி ஒலிக்கும். ‘கணீர்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழரில் மூத்தோர் பலருக்குக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரலே நினைவுக்கு வரும். கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியின் வழியே அக்குரலைக் கேளாதவர் நம்மில் மிகச் சிலரே. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக முருகன் வழிபடப்படுகிறான். அம்முருகனைக் கணீரென்று பாடிய குரல்களுள் இவரது குரலுக்கு நிகர் கூறுதல் அரிது.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். குடும்பம் மிக வறியது. சிறுமியாக இருந்தபோது புகைவண்டியில் பாடி, பயணிகள் கொடுத்த காசைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார் என்பர். அவரை நாடக மேடைக்கு அழைத்து வந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இருப்பூர்தித் துறையில் பணிபுரிந்த நாடகப் பற்றாளர் எஃப். ஜி. நடேச ஐயர் என்பார் ஒரு சாரார். காவல்துறை அலுவலர் ஒருவர் என்பார் மற்றொரு சாரார். யார் கண்டெடுத்தார் என்று நாம் வாதிடும் அளவுக்கு, அப்பெண் பாடத் தெரிந்திருந்தாள் என்பதைப் பேசுவதில்லை. புகைவண்டியின் இரைச்சலையும் மீறிப் பெட்டியின் மறுகோடிக்குக் கேட்கும்படி பாடப் பழகிய தொண்டை அது. பின்னாளில் ஒலிபெருக்கி இல்லாத மேடையில் அத்தொண்டையே அவருக்கு முதலாயிற்று.

அக்காலத்து நாடகத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். இன்றைய மாணவர் அதனை அறிய வாய்ப்பு மிகக் குறைவு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், கோவலன் முதலிய நாடகங்கள் ஊர்தோறும் நடைபெற்றன. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒரு முறை இருந்தது. நடிகர் அனைவரும் ஒரே குழுவைச் சேர்ந்தவர் அல்லர். இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியம் வாசிப்பவர் மூன்றாம் ஊர்க்காரர். ஒத்திகை கிடையாது. அனைவருக்கும் பாடம் மனப்பாடம். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். வள்ளியும் வேலனும், வள்ளியும் நாரதரும் பாட்டாலும் வசனத்தாலும் தர்க்கம் புரிவர். எதிராளி எழுப்பும் வினாவுக்கு அந்த நொடியிலேயே, அந்தச் சுருதியிலேயே விடை கூறவேண்டும். தடுமாறினால் கூட்டம் நகைக்கும். மண்தரையில் அமர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானவரில் கடைசி வரிசைக்காரருக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். ஆதலின் உயர்ந்த சுருதியில், எழுத்துச் சிதையாமல் பாடுவோரே அங்கு நிலைக்க முடிந்தது. சுந்தராம்பாள் பாட்டில் ழகரமும் றகரமும் துலங்குவதற்குக் காரணம் இம்மேடைப் பயிற்சியே என்பது என் கருத்து.

மேடையேறிய முதற் பெண் இவர் அல்லர். இவருக்கு முன்பே கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்திப் புகழ் பெற்றார். ஆயினும் பெரும்பாலான குழுக்களில் பெண் வேடத்தையும் ஆடவரே, அல்லது சிறுவரே, தாங்கினர். நடிக்க வந்த பெண்ணைச் சமூகம் இரவில் கைதட்டி வரவேற்றது. பகலில் புறம் பேசியது. ஸ்பெஷல் நாடகம் பெண்ணுக்கு மதிப்பைத் தரவில்லை. ஆனால் ஒன்றைத் தந்தது: ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியே ஊதியம் பேசும் வாய்ப்பு. குழுவின் முதலாளி கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் நிலை அங்கில்லை. தன் பெயருக்குக் கூடும் கூட்டத்தின் அளவை அறிந்து தன் விலையைத் தானே கூறலாம். சுந்தராம்பாள் இதனை இளம் வயதிலேயே கற்றுக்கொண்டார்.

இலங்கைக்கு நாடகமாடச் சென்றபோது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. கிட்டப்பா அக்காலத்து மேடையின் முடிசூடா மன்னர். அவருடைய குரலுக்கு எதிர்நின்று பாடுவது எளிதன்று. சுந்தராம்பாள் எதிர்நின்றார். இருவரும் வேலனும் வள்ளியுமாகத் தோன்றிய நாடகங்களுக்கு மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். பின்னர் இருவரும் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி உண்டு. இணைந்த வாழ்வில் பிரிவும் துயரும் மிகுந்திருந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் அவர் வெண்ணிற ஆடையே உடுத்தினார். இனி எந்த ஆடவரோடும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1980இல் மறையும்வரை அவ்வுறுதியினின்று அவர் பிறழவில்லை.

அவரைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். வெள்ளைப் புடவை, திருநீறு, உருத்திராக்கம், மறைந்த துணைவரை மறவாத உள்ளம்: இவற்றைப் போற்றி உருகிக் கட்டுரையை முடித்துவிடுகின்றனர். அத்துயரம் உண்மையானது, அதனைக் குறைத்துக் கூற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கிட்டப்பா மறைந்த பின்னர் அவர் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 47 ஆண்டுகளை ஒரு புடவையின் நிறத்துக்குள் அடக்கிவிடலாமா? ஓர் ஆடவர் கலைஞரின் வாழ்வை நாம் இவ்வாறு சுருக்குவதுண்டா? அவர் பாடிய பாட்டைக் கூறுவோம்; பெற்ற பரிசைக் கூறுவோம்; இழந்த மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதுவோம். பெண்ணாயின் அம்முறை தலைகீழாகிவிடுகிறது.

துயருக்குப் பின் அவர் செய்ததைப் பாருங்கள். சிறிது காலம் ஒதுங்கியிருந்துவிட்டு மீண்டும் பாட வந்தார். அப்போது பேசும் படங்கள் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அசன்தாஸ் என்னும் படத் தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பி, நந்தனாராகவே நடிக்குமாறு சுந்தராம்பாளை வேண்டினார். அவர் கேட்ட ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அத்தொகையைக் கேட்டதும் அசன்தாஸ் திரும்பிப் போய்விடுவார் என்று எண்ணியே அவ்வாறு கேட்டார் என்பர் சிலர். இக்கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு பெண் பெருந்தொகை கேட்டுப் பெற்றாள் என்பதை ஏற்க மனமில்லாதவர்கள், அவள் அதனைக் கேட்கவே விரும்பவில்லை என்று சொல்லிச் சமாதானம் அடைகிறார்கள் போலும்! எவ்வாறாயினும் அசன்தாஸ் ஒப்புக்கொண்டார். 1935இல் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. மாதம் முப்பது நாற்பது ரூபாயில் குடும்பங்கள் காலம் தள்ளிய நாளில், இந்தியத் திரைப்படத்தில் எவரும் அதுவரை பெறாத ஊதியத்தைப் பெற்றவர், புகைவண்டியில் பாடிய கொடுமுடிச் சிறுமி.

நந்தனாரின் கதை விருத்தாசலத்தாருக்கு அயலார் கதை அன்று. நந்தனார் பிறந்த ஆதனூர் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ளதாகக் கூறுவர். அவர் காணத் துடித்த தில்லையும் இதே கடலூர் மாவட்டத்தில் உள்ளது. சாதியின் பெயரால் கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட ஓர் ஆடவரின் ஏக்கத்தை, பெண் என்றும் நாடகக்காரி என்றும் வேறு வாயில்களில் நிறுத்தப்பட்ட ஒருவர் பாடினார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கருநாடக இசையில் அக்காலத்துப் பெரும் புலவர். வேதியர் நந்தனாரின் பெருமையை உணர்ந்து பணிவது கதையில் வரும் ஒரு நிகழ்ச்சி. அப்பணிவு திரையில் ஒரு பெண்ணை நோக்கி நிகழ்ந்தது என்பதை எண்ணுங்கள். படம் எல்லா வகையிலும் சிறந்ததாக அமைந்தது என்று நான் வாதிட வரவில்லை. புதுமை அதன் நடிப்பிலோ படப்பிடிப்பிலோ இல்லை. அந்த வேடத்தை அவர் ஏற்றதில் இருந்தது.

ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்ற உறுதி அவருக்கு ஒரு விலங்காக அமைந்திருக்கலாம். அவர் அதனை வாயிலாக்கிக் கொண்டார். காதலித்தும் கண்ணீர் வடித்தும் நாயகனின் நிழலாக நிற்கும் வேடங்கள் அவருக்கு இல்லையாயின. எஞ்சியவை எவை? நந்தனார்; 1940இல் துறவு பூண்ட மணிமேகலை; 1953இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த ஒளவையார்; 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள்; 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஒளவையார். அரசனைத் தட்டிக் கேட்கும் புலவரும், வழிகாட்டும் துறவியும், இறைவனோடு வழக்காடும் அடியாருமாக அவர் தோன்றினார். நாயகியின் அழகைக் கொண்டு படம் ஓடிய காலத்தில், தலை நரைத்த மூதாட்டியின் பாட்டைக் கேட்க மக்கள் கொட்டகையை நிறைத்தனர். ஒளவையாரை இன்று பலர் மனக்கண்ணில் காணும்போது சுந்தராம்பாளின் முகமே தோன்றுகிறது. இது சிறிய செயலன்று.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு நாட்டையும் நோக்குவோம். கடலூர் மாவட்டத்தைப் போலவே கரும்பு செழிக்கும் நாடு கியூபா. அங்கு 1925இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சீலியா குரூசு. இலத்தீன் அமெரிக்க இசையின் அரசி என்று பின்னாளில் உலகம் அவரைக் கொண்டாடியது. மகள் ஆசிரியை ஆகவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பாடகி என்றால் அங்கும் ஊரார் வேறு விதமாகப் பேசினர். 1950இல் ‘சொனோரா மாத்தன்சேரா’ என்னும் புகழ்பெற்ற இசைக்குழுவில் அவர் சேர்ந்தபோது, பழைய பாடகியே வேண்டும் என்று கேட்போர் சிலர் முறையிட்டனர். ஒரு பெண் பாடிய ரும்பா இசைத்தட்டு விற்பனையாகாது என்று இசைத்தட்டு வெளியிடுவோர் ஐயுற்றனர். தட்டு விற்றது, ஐயம் ஓய்ந்தது. 1960இல் நாட்டை விட்டு வெளியேறிய அவரால், 1962இல் தாய் இறந்தபோது இறுதிச் சடங்குக்குக்கூடத் திரும்பிச் செல்ல இயலவில்லை. பாட்டின் நடுவே ‘சர்க்கரை’ என்று பொருள்படும் ‘அசூகார்’ என்னும் சொல்லை அவர் உரத்துக் கூவுவது வழக்கம். கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர் வாயில் அச்சொல்லுக்குள்ள பொருளை, கரும்பு வெட்டும் கூலியாளின் உழைப்பைக் கண்ட நம் ஊரார் எளிதில் உணர்வர். 2003இல் அவர் மறைந்தார்.

கியூபா எங்கே, கொடுமுடி எங்கே! இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். இசையும் வேறு, மொழியும் வேறு. ஆயினும் இருவரிடமும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: ‘பெண் பாடினால் விலை போகுமா?’ இதற்கு இருவரும் வாதத்தால் விடை கூறவில்லை.

சுந்தராம்பாள் விலை கேட்கத் தெரிந்தவர். விலையின்றிக் கொடுக்கவும் தெரிந்தவர். விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரசு மேடைகளில் நாட்டுப் பாடல்களைப் பாடினார். தலைவர்களின் சொற்பொழிவைக் கேட்க வராதவரும் அவர் பாட்டைக் கேட்க வந்தனர். வந்தவர் சொற்பொழிவையும் கேட்டுச் சென்றனர். அவர் பாடிய நாட்டுப் பாடல்கள் இசைத்தட்டுகளாகப் பரவின. 1950களில் அவர் சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் திரையுலகிலிருந்து சட்டமன்றம் புகுந்தவர்களுள் அவரே முதல்வர் என்பர். பின்னாளில் தமிழ்நாட்டுத் திரைக்கும் ஆட்சிக்கும் ஏற்பட்ட நெருக்கத்தைப் பற்றி எழுதும் ஆசிரியர்கள், அப்பட்டியலின் தலைப்பில் ஒரு பெண்ணின் பெயர் இருப்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடல்களுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அவ்வயதில் பலருக்குக் குரல் தளரும். அவருக்குக் கனம் கூடியதே அன்றிக் கீறல் விழவில்லை. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இனி ஒரு மறுப்புக்கு விடை கூறவேண்டும். ‘கலை என்பது இறைவனுக்குரிய தொண்டு, பக்திப் பாடல் பாடும் ஒருவர் ஊதியத்தைப் பெரிதாகக் கருதலாமா? அதனைப் புகழ்ந்து எழுதுவது மாணவர்க்குத் தகுமா?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குத் திருமுதுகுன்றத்துப் பொன்னையே காட்டுவேன். சுந்தரர் அப்பொன்னைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கேட்கவில்லை. திருவாரூரில் பரவையார் திருவிழாவில் அடியார்க்கு அமுதளிக்கக் கேட்டார். புகைவண்டியில் பாடிய சிறுமி வீட்டு அடுப்பு எரியக் கேட்டாள். உணவுக்காகக் கேட்கும் இருவருள் ஒருவரைத் தொண்டர் என்றும் மற்றொருவரைக் காசாசை கொண்டவர் என்றும் பிரிக்கும் அளவுகோல் எது என்று நமக்கு விளங்கவில்லை. அன்றியும், ஊதியம் பேசாத கலைஞர் தூயவர் என்னும் கொள்கையால் இதுவரை பயன் பெற்றவர்கள் கலைஞர்கள் அல்லர், கச்சேரி வைப்பவர்களே.

மற்றொன்றும் உண்டு. சுந்தராம்பாளுக்கு இலட்சம் கிடைத்தது; அவரோடு மேடையேறிய மற்றப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? ஊர் ஊராகச் சென்று வள்ளியாகவும் கண்ணகியாகவும் விடிய விடியப் பாடிய எத்தனையோ பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் குரல் இசைத்தட்டில் ஏறவில்லை. ஒருவர் உயர்ந்ததைக் காட்டி, வாயில் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளல் ஆகாது. பீங்கான் பட்டறையில் ஒரு நாளில் எத்தனை பொம்மைகளுக்குக் கண் எழுதினாள் என்று கணக்கிட்டுக் கூலி வாங்கும் பெண்ணுக்கு இது நன்கு தெரியும். அவள் எழுதிய கண்ணைக் கொண்டே பொம்மை விலை போகிறது. பொம்மையின் அடியில் அவள் பெயர் இல்லை.

ஸ்பெஷல் நாடகம் இன்றும் முற்றும் மறைந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் நடிகர் சங்கங்கள் உள்ளன. திருவிழாக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் அங்குச் சென்று வள்ளி திருமணத்துக்கு நாள் குறிக்கின்றனர். இராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பேசுகின்றனர். பந்தலுக்கும் விளக்குக்கும் ஆகும் செலவை முணுமுணுப்பின்றி ஒப்புக்கொள்ளும் பெரியவர்கள், வள்ளியின் ஊதியத்துக்கு வந்ததும், “அம்மா, சாமி காரியம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்கின்றனர்.